கொங்கண யூதரின் உரூஸும் மலீதாவும்: வழிபாட்டுச் சொற்களில் ஆண், பெண் பங்கு

கொங்கணக் கடற்கரையில் வேரூன்றிப் பின்னர் மும்பையில் பெருகிய பெனே இஸ்ரேல் யூதர்கள் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். எண்ணெய் ஆட்டும் தொழிலும் சனிக்கிழமை ஓய்வும் அவர்களுக்குச் 'சனிவார் தேலி' (சனிக்கிழமை வாணியர்) எனும் பெயரைப் பெற்றுத் தந்தன. அவர்களுடைய புனிதப் பயணத்தையும் திருநாள்களையும் குறிக்கும் சொற்களைக் கொண்டு, வழிபாட்டில் ஆடவரும் பெண்டிரும் ஏற்ற பங்கினை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. பயணமும் அதன் பெயரும்

பயணத்தின் இலக்கு அலிபாகை அடுத்த கண்டாலா எனும் சிற்றூர். புணே செல்லும் வழியிலுள்ள மலைவாழிடமான கண்டாலா வேறு. விண்ணேறிய எலியா தீர்க்கதரிசியின் தேர் இங்கு நிலத்தைத் தொட்டதென்பது மரபு. பாறையிலுள்ள தடங்களை அதற்குச் சான்றாகக் காட்டுவர். எபிரேய ஷெவாத் மாதத்தின் 15ஆம் நாள் (சனவரி அல்லது பிப்ரவரியில் வருவது) யூதருலகில் மரங்களின் புத்தாண்டு. கொங்கணத்திலோ அது 'எலியாஹு ஹந்நாபியின் உரூஸ்' ஆயிற்று.

உரூஸ் என்பது திருமணத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது. சூஃபி ஞானியர் இறைவனோடு ஒன்றிய நாளை, அதாவது மறைந்த நாளைக் குறிப்பது. எலியாவோ இறப்பின்றி விண்ணேறியவர். ஆகவே இங்குச் சொல்லின் பொருள் விரிவடைந்துள்ளது. நாகூர்க் கந்தூரியை அறிந்த தமிழர்க்கு இவ்விரிவு எளிதில் விளங்கும்.

2. தட்டும் சொல்லும்

இவ்வழிபாட்டின் நடுவாய் அமைவது மலீதா. அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலம் சேர்த்துக் குவித்து, சுற்றிலும் பழங்களை அடுக்குவர். தட்டினை ஆயத்தம் செய்வோர் பெரும்பாலும் பெண்டிர். எபிரேய வாழ்த்துரைகளை ஓதுவோர் ஆடவர். யூத மரபில் மரக்கனிக்கு ஒரு வாழ்த்து, நிலத்து விளைச்சலுக்கு வேறொரு வாழ்த்து. தமிழ் வழக்கில் வாழை மரமாயினும், இம்முறையில் வாழைப்பழம் நிலத்து விளைச்சலே. ஆடவர் ஓதும் சொல், பெண்டிர் அடுக்கிய பொருளைச் சார்ந்தே நிற்கிறது.

இச்சார்பினை மற்றொரு மரபுக் கதையும் காட்டுகிறது. தாவீது ரஹாபி என்பவர் இம்மக்கள் யூதர்தாமா என அறிய, பலவகை மீன்களைப் பெண்டிரிடம் சமைக்கத் தந்தாராம். துடுப்பும் செதிளும் உள்ளவற்றை மட்டுமே அவர்கள் எடுத்துக்கொள்ள, ஐயம் தீர்ந்ததாம். பின்னர் அவர் மூன்று ஆடவர்க்குப் பயிற்சியளித்து, அவர்களைச் சமயத் தலைவராக்கினார். அப்பதவி 'காஜி' எனப்பட்டது. அடையாளத்தை மெய்ப்பித்தோர் பெண்டிர். பதவி பெற்றோர் ஆடவர். கதையின் காலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டெனினும், இப்பங்கீடு கருதத்தக்கது.

3. அடுக்களை நாட்காட்டி

ஹயீம் சாமுவேல் கேஹிம்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதி, 1937இல் அச்சேறிய வரலாற்று நூல் பழைய திருநாட் பெயர்களைத் தருகிறது. எருசலேம் ஆலயம் அழிந்த துக்க நாள், முளைகட்டிய அவரைக் குழம்பின் பெயரால் 'பிர்ட்யாச்சா சண்' எனப்பட்டது. பாயசத்தால் பெயர்பெற்றது 'கிரிச்சா சண்'. பாவநிவாரண நாளோ கதவடைப்பு நாள் எனப்பட்டது. எபிரேய நூல்கள் பரவுமுன் சமய நாட்காட்டி, சமையலிலும் இல்லத்து ஒழுக்கத்திலும் காக்கப்பட்டது என இப்பெயர்களால் கருதலாம்.

கொச்சி ஆசிரியர்களாலும் மும்பை அச்சகங்களாலும் எபிரேயப் பெயர்கள் பரவியபோது இப்பெயர்கள் வழக்கிழந்தன. எனினும் பங்கீடு மாறாதிருக்கவில்லை. 1880இல் மும்பையில் ஆடவர் தொடங்கிய மராத்தி யூதக் கீர்த்தனங்களைப் பிற்காலத்தில் காத்தோருள் பெண்டிர் முதன்மையானோர். 1925இல் மும்பையில் தோன்றிய தாராளப் போக்குடைய யூத சமய ஒன்றியத்தை நிறுவியவர் ஜெருஷா ஜிராத் எனும் பெண் மருத்துவர்.

4. முடிவுரை

1948க்குப் பின் இம்மக்களுள் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறினர். மலீதாவும் உடன் சென்றது. இவ்வரலாற்றை மொழிபெயர்ப்போர் 'பிர்ட்யாச்சா சண்' என்பதற்கு எபிரேயப் பெயரை மட்டும் இடுவராயின் பொருள் பிழையாகாது. ஆனால் நூலறிவு இன்றி மரபைக் காத்த பெண்டிரின் மொழி அடுக்கு முற்றும் மறையும். உரூஸை வெறும் 'யாத்திரை' எனின் அண்டைச் சமூகத்தோடு வாழ்ந்த வரலாறு மறையும். மூலச்சொல்லைப் பேணி, விளக்கத்தை அருகே தருவதே பொருத்தமான முறை எனலாம்.