மணிக்கட்டு வீக்கம் எல்லாம் சுளுக்கு அல்ல: மூட்டில் படியும் கால்சியம் படிகங்கள்

இரவு படுக்கும்போது நன்றாக இருந்த மணிக்கட்டு, விடிந்து பார்த்தால் சிவந்து வீங்கியிருக்கும். தேநீர்க் கோப்பையைக்கூடத் தூக்க முடியாது. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து வழிப்பவர்கள் உண்டு. “யூரிக் எசிட் கூடிவிட்டது” என்று பருப்பையும் நெத்திலியையும் நிறுத்துபவர்களும் உண்டு. ஆனால், 60 வயதைக் கடந்தவர்களிடம் இதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். அதுதான் மூட்டில் கால்சியம் படிகங்கள் படிவது.

எப்படி உண்டாகிறது?

மூட்டின் குருத்தெலும்பில் உருவாகும் பைரோபாஸ்பேட் எனும் பொருள், கால்சியத்துடன் சேர்ந்து நுண்ணிய படிகமாகிறது. பலருக்கு இது ஆண்டுக்கணக்கில் தொந்தரவே தராது. படிகங்கள் மூட்டு நீருக்குள் உதிரும்போதுதான் வீக்கமும் வலியும் தொடங்குகின்றன. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி உச்சத்தை எட்டும். பிறகு சில நாள் முதல் சில வாரம் வரை நீடிக்கும். முழங்காலுக்கு அடுத்து அதிகம் பாதிக்கப்படுவது மணிக்கட்டு.

1962ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் டேனியல் மெக்கார்ட்டியும் அவருடைய குழுவினரும் இந்நோயை விவரித்தனர். கவுட் போலவே தோன்றினாலும் கவுட் அல்ல என்பதால் ‘பொய்க் கவுட்’ என்ற பெயர் நிலைத்தது.

பாலும் நெத்திலியும் காரணமா?

இல்லை. உணவில் உள்ள கால்சியம் மூட்டில் போய்ப் படிவதில்லை. பயந்து பாலையும் நெத்திலியையும் நிறுத்தினால், வயதானவர்களின் எலும்புதான் பலவீனமாகும்.

முதுமை, மூட்டுத் தேய்மானம், பழைய அடி ஆகியவையே முக்கியக் காரணங்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு தோட்டத்தில் வழுக்கி விழுந்தோ மோட்டார் சைக்கிள் விபத்திலோ மணிக்கட்டு முறிந்திருந்தால், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 60 வயதுக்குள் இந்நோய் வந்தால், பாராதைராய்டு சுரப்பிக் கோளாறு, மெக்னீசியக் குறைவு, உடலில் இரும்புச்சத்து மிகுதல் ஆகியவை உண்டா என இரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள்.

உறுதி செய்வது எப்படி?

இரத்தத்தில் யூரிக் எசிட் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. வீங்கிய மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்து, சிறப்பு நுண்ணோக்கியில் பார்ப்பதே உறுதியான வழி. கவுட் படிகம் ஊசி போல் நீண்டிருக்கும். இந்தப் படிகம் பெரும்பாலும் சாய்சதுரமாக இருக்கும். கிருமித் தொற்று உண்டா என்பதையும் அதே நீரில் சோதிக்கலாம். எக்ஸ்ரேயில், சுண்டுவிரல் பக்கம் உள்ள குருத்தெலும்பில் வெண்ணிறக் கோடு தெரியலாம்.

சிகிச்சை

படிகங்களைக் கரைக்கும் மருந்து இன்னும் இல்லை. யூரிக் எசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் இதற்குப் பயன்படாது. கைக்கு ஓய்வு, மணிக்கட்டுப் பட்டை, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் ஆகியவை வலியைத் தணிக்கும். மூட்டு நீரை வெளியேற்றி ஸ்டீராய்டு ஊசி போடுதல், கோல்ச்சிசின், வலிநிவாரணி ஆகியவற்றில் நோயாளிக்கு ஏற்றதை மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

நம்மிடையே நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் பலர். ஸ்டீராய்டு, சர்க்கரை அளவை ஏற்றும். சில வலிநிவாரணிகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீரகம் பலவீனமானால் கோல்ச்சிசின் அளவையும் குறைக்க வேண்டும். எனவே, அண்டை வீட்டார் தந்த மாத்திரையையோ முன்பு மீந்ததையோ எடுத்து விழுங்கக்கூடாது. வலி தணிந்த பிறகு கையை மெல்ல மெல்ல அசைத்துப் பழக்குவது மூட்டு இறுகாமல் காக்கும்.

எப்போது தாமதிக்கக்கூடாது?

வீக்கத்துடன் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ இருந்தால், மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். சில நாள்களிலேயே மூட்டைக் கெடுத்துவிடக்கூடிய நிலை அது. சுளுக்கு வழிக்க ஆள் தேடாமல், அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்வதுதான் கையைக் காப்பாற்றும்.