எரிக்கப்படாத கடிதங்கள்

'ஜேன் அயர்' நாவலை எழுதிய சார்லொட் புரொண்டேயை ஆங்கில இலக்கிய வாசகர் அனைவரும் அறிவர். 1847இல் அந்நாவல் வெளிவருவதற்கு முன்னர் அவர் ஆசிரியத் தொழிலில் பட்ட பாட்டை அறிந்தோர் குறைவு. அதனை நமக்குச் சொல்பவை, தன் தோழி எலன் நஸிக்கு அவர் எழுதிய கடிதங்களாகும்.

1816இல் பிறந்த சார்லொட், யோர்க்ஷயரின் ஹோவர்த் கிராமத்துப் பாதிரியாரின் மகள். 1831இல் ரோ ஹெட் பாடசாலையில் மாணவியாக இருந்தபோது எலனின் நட்புக் கிடைத்தது. 1835 ஜூலையில், தனது பத்தொன்பதாவது வயதில், அதே பாடசாலைக்கு ஆசிரியையாகத் திரும்பினார். அவரது உழைப்புக்கு ஈடாகத் தங்கை எமிலி அங்கு கற்க இடமளிக்கப்பட்டது. வீட்டு நினைவால் வாடிய எமிலி சில மாதங்களில் ஊர் திரும்ப, இளைய தங்கை ஆன் அவ்விடத்துக்கு வந்தார்.

கற்பனை ஊறும் வேளையில் பாடப் புத்தகத்தோடு வந்து நிற்கும் மாணவி மீது அவருக்கு எரிச்சல் மூண்டது. அதைத் தன் தனிப்பட்ட குறிப்புகளில் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தார். எழுத்தில் ஆலோசனை கேட்டு அரசவைக் கவிஞர் றொபர்ட் சௌதிக்கும் எழுதினார். இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக அமைய முடியாது என்று 1837 மார்ச்சில் பதில் வந்தது.

1840 ஜனவரியில் ஒரு பென்னித் தபால் முறை வரும்வரை, பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே தூரத்துக்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம் செலுத்தினார். தாளை மிச்சப்படுத்த, எழுதிய வரிகளின் மேல் குறுக்காக மீண்டும் எழுதுவது அக்கால வழக்கம். தோழிக்கு மனந்திறப்பதற்கும் அன்று ஒரு விலை இருந்தது.

1839இல் எலனின் சகோதரர் ஹென்றி திருமணம் பேசினார். சார்லொட் மறுத்தார், எலனுடனான நட்பு முறியவில்லை. அதே ஆண்டு தோழியர் இருவரும் பிரிட்லிங்டன் சென்றபோதுதான் சார்லொட் முதன்முறையாகக் கடலைக் கண்டார். கண்டதும் கண்ணீர் விட்டார். 1841இல் ஒரு வீட்டில் பிள்ளைகளுக்குக் கற்பித்தபோது ஆண்டுச் சம்பளம் பெயருக்கு 20 பவுண். சலவைச் செலவு கழிய 16 பவுண்தான் மிஞ்சும் என்று எலனுக்குக் கணக்குச் சொன்னார். 1844இல் சகோதரிகள் தம் வீட்டிலேயே பாடசாலை தொடங்க அறிவித்தல் அச்சிட்டனர். ஒரு பிள்ளைகூட வந்து சேரவில்லை.

1854இல் சார்லொட் மணந்த ஆர்தர் நிக்கல்ஸ், இத்தகைய கடிதங்கள் தீக்குச்சி போல் ஆபத்தானவை எனக் கருதி, அவற்றை எரித்துவிடுமாறு எலனிடம் வாக்குறுதி கேட்டார். மனைவியின் கடிதங்களைத் தணிக்கை செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு எலன் உடன்பட்டார். ஆனால் எரிக்கவில்லை. 1855 மார்ச்சில் சார்லொட் மறைந்தார். எலன் கொடுத்த கடிதங்களை ஆதாரமாகக் கொண்டே எலிசபெத் காஸ்கெல் 1857இல் அவரது வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார்.

கடிதம் ஓர் அமானிதம். கொடுத்த வாக்கும் அமானிதமே. எலன் ஒன்றைக் காக்க மற்றதை விட்டார். அவரைக் குறைகூற நமக்கு நியாயம் உண்டு. ஆனால் அவர் சொன்னபடி எரித்திருந்தால், சலவைக்காக நான்கு பவுண் இழந்த அந்த இளம் ஆசிரியை நமக்குத் தெரிந்திருக்கமாட்டார். பெயர்பெற்ற நாவலாசிரியை மட்டுமே எஞ்சியிருப்பார்.