பார்களிலிருந்து பொரிப்பகத்துக்கு

தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டோடு பெரிய அளவிலான முத்துக்குளிப்பு ஓய்ந்த பின், முத்துச்சிப்பி குளியாட்களின் கையிலிருந்து ஆய்வாளரின் கைக்கு மாறியது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அங்கு 1972இல் தொடங்கிய முத்து வளர்ப்புத் திட்டத்தில் கே. அழகர்சாமி, ஒரு சிப்பியின் ஓட்டை உருவாக்கும் மெல்லிய திசுவான மேலுறையிலிருந்து வெட்டிய சிறு துண்டை, கடைந்தெடுத்த ஓட்டுமணியோடு சேர்த்து மற்றொரு சிப்பியின் இனப்பெருக்க உறுப்பில் பதித்தார். அத்துண்டு மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து முத்துப்பூச்சைப் படலம் படலமாகச் சுரக்க, 1973 ஜூலையில் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்து கிடைத்தது. ஜப்பானியர் நெடுங்காலம் பொத்திவைத்திருந்த கைத்திறன் இது. ஆயினும், 1981இல் பொரிப்பகத்திலேயே சிப்பிக்குஞ்சுகளை உருவாக்கியதே இதைவிடக் கனமான பணி எனலாம். ஏனெனில், சில ஆண்டுகள் பெருகிப் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடக்கும் பார்களை, அதாவது கடலடிச் சிப்பிப் படுகைகளை, மட்டுமே நம்பியிருந்தால் வளர்ப்பு என்பது பெயரளவிலேயே நின்றிருக்கும்.