திராட்சைப் பறிப்பு ஆணை (பர்கண்டி)

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், சொந்தத் தோட்டத்துத் திராட்சையைக்கூட விரும்பிய நாளில் பறிக்க முடியாத நிலை பல நூற்றாண்டுகள் நீடித்தது. பறிப்பைத் தொடங்கும் நாளை அறிவித்த ஆணை ‘பான் தெ வாந்தாஞ்’ எனப்பட்டது. திஜோன் நகரில், அனுபவமுள்ளோர் தோட்டங்களைப் பார்வையிட்டுச் சொன்ன பிறகு நகராட்சி நாள் குறித்தது.

வேலியில்லாத் தோட்டங்களில் ஒருவர் முந்திப் பறித்தால் பக்கத்துக் கொடியிலும் கை நீளும். தசமபாகம் வசூலிப்பவருக்குக் கணக்குத் தவறும். பழுக்காத திராட்சையில் செய்த வைன் ஊர்ப்பெயரைக் கெடுக்கும். காரணங்கள் நியாயமானவையே. ஆனால் பல இடங்களில் நிலப்பிரபு மட்டும் மற்றவர்களுக்கு முன்பே பறிக்கலாம் என்ற சலுகையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சிறு குடும்பத்துக்குக் காத்திருப்பு எளிதன்று. பழம் கொடியில் இருக்க இருக்க இனிப்பு ஏறும், புளிப்பு இறங்கும். இடையில் மழை பிடித்துக்கொண்டால் பழம் அழுகி, ஓராண்டு உழைப்பு வீணாகும். சுற்றுச்சுவர் உள்ள தோட்டங்களுக்கு ஆணை பொருந்தாது; சுவர் எழுப்ப வசதி வேண்டுமே!

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1791ஆம் ஆண்டுச் சட்டம் பறிப்பு நாளை உரிமையாளரின் விருப்பத்துக்கு விட்டது. வழக்கமுள்ள ஊர்களில், வேலியில்லாத் தோட்டங்களுக்கு மட்டும் உள்ளாட்சி விதி வகுக்கலாம் என்றது.

பழைய பதிவுகள் இன்று வேறு வகையில் பயன்படுகின்றன. பர்கண்டியின் போன் நகரில் 1354 முதல் 2018 வரையான பறிப்பு நாட்களை ஆய்வாளர்கள் தொகுத்து 2019இல் வெளியிட்டனர். 1987 வரை சராசரி நாள் செப்டம்பர் 28. அதன்பின் பறிப்பு சராசரியாக 13 நாட்கள் முன்னதாகவே தொடங்குகிறது. தாத்தா காலத்து நாட்காட்டியை நம்பிப் பறிக்க இயலாத குடும்பங்கள், பழத்தின் சர்க்கரையை அளந்தும் சுவைத்தும் நாள் குறிக்கின்றன.