படுகளம் பிறந்த கதை

மல்லாந்து கிடக்கும் ஒரு மனிதனை மண்ணால் செய்ய வேண்டும். நாற்பது அடி நீளம், ஐம்பது அடி நீளம். ஊருக்கு வசதியும் வீம்பும் கூடினால் அதற்கு மேலும் போகும். கோயிலுக்கு எதிர்வெளியில் முளைக்குச்சி அடித்து, கயிறு பிடித்து, தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று கோடு போடுகிறார்கள். டிராக்டரில் வந்து இறங்கிய மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மண்வெட்டியால் வாரிப் போட்டு மார்பை எழுப்புகிறார்கள். பிறகு வயிறு, இரண்டு தொடை, முழங்கால், வானத்தைப் பார்த்து நிமிர்ந்த பாதங்கள். கை வந்த ஒருவர் மட்டும் தலைமாட்டில் உட்கார்ந்து முகத்தைக் கவனித்துக்கொள்கிறார். மூக்கு எடுப்பாக இருக்க வேண்டும், மீசை முறுக்கி நிற்க வேண்டும், தூரத்தில் வருகிறவனுக்கும் இது ராஜகிரீடம் என்று தெரிய வேண்டும். சுண்ணாம்பும் காவியும் கரியும் கடையில் வாங்கிய சாயப்பொடியும் மேலே ஏறுகின்றன. கையோடு ஒட்டி ஒரு கதாயுதம்.

கடைசி வேலை தொடையில். அங்கே ஒரு குழி விட்டு, குங்குமம் கரைத்த நீர் நிறைந்த கலயத்தை உள்ளே வைத்து, அது இருக்கும் அடையாளமே தெரியாதபடி மேலே மெல்லிசாக மண் பூசுகிறார்கள். எந்த இடம் என்பது செய்தவருக்கும் பீமன் வேஷக்காரருக்கும் நன்றாகத் தெரியும். பதினெட்டு நாள் கதையும் அந்த ஒரு சாண் இடத்துக்குத்தான் வந்து சேரப்போகிறது.

பங்குனி முதல் ஆனி வரை பர்கூர், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, மத்தூர், ஊத்தங்கரை என்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஓர் ஊரில் பாரதம் வைத்திருப்பார்கள். திரௌபதி அம்மன் கோயிலில், சில ஊர்களில் தர்மராஜா கோயில் என்பார்கள், கொடி ஏற்றிக் காப்புக் கட்டியதும் தொடங்குகிறது. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்கிறார். கடைசி எட்டு பத்து நாட்கள் இரவு முழுக்கக் கூத்து. திரௌபதி கல்யாணம், சூது துகில், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு, கர்ண மோட்சம். எல்லாம் முடிந்து பதினெட்டாம் போர் இரவு. விடிந்தால், அந்த மண் உருவத்தைச் சுற்றித் துரியோதனன் படுகளம்.

தொடராகச் சொல்லப்படும் கதை, நாளுக்கு ஒரு பகுதி, கடைசியில் எல்லாரும் காத்திருக்கும் ஒரு போர். இதே மாதிரிக் கதைகளை இன்று ஓசூரில் வாடகை அறையில் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்கள் போனில் பார்க்கிறார்கள். 2024 ஜூலையில் 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' தொடரின் இரண்டாம் சீசனில் நான்காம் எபிசோட் வெளியானபோது, கோட்டைக்கு மேலே மூன்று டிராகன்கள் மோதிக்கொள்ளும் அந்தச் சண்டையைப் பற்றி உலகம் முழுக்கப் பேசினார்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2018இல் வெளியிட்ட 'ஃபயர் அண்ட் பிளட்' நூலில் அது பழைய வரலாற்று ஏடுபோல எழுதப்பட்ட சண்டை. அந்தச் சண்டையில் இறங்கும் ரேனிஸும் அவளுடைய சிவப்பு டிராகனும் சாகப்போவது நூலைப் படித்தவர்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தே பார்த்தார்கள், தெரிந்தே கலங்கினார்கள். எழுத்தில் கிடந்ததற்கு யாரோ உடல் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் அதன் பலம். நம் பக்கம் அந்த வேலை எப்போது தொடங்கியது, யார் செய்தார்கள் என்று தேடிப் பார்த்தால், படுகளத்தின் கதை நன்றாகவே நீள்கிறது.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்றோர் ஊர். 7ஆம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் அங்கே கோயில் எடுத்து நிலம் கொடுத்தபோது, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கினான். செப்பேட்டில் அது இருக்கிறது. ஆக, பாரதத்தை ஊரார் கூடிக் கேட்பதும் அதைச் சொல்பவருக்கு ஊர் சோறு போடுவதும் 1300 ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறை. பிறகு வரபதி ஆட்கொண்டான் என்ற சிற்றரசனின் ஆதரவில் வில்லிபுத்தூரார் பத்துப் பருவமாகப் பாரதம் பாடினார். போர் முடிந்த கையோடு அவருடைய நூலும் முடிந்துவிடுகிறது. பாண்டவர்கள் முதுமை, சொர்க்கப் பயணம் எதற்கும் அவர் போகவில்லை. 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளைதான் பதினெட்டுப் பருவத்தையும் நிரப்பினார். கோயில் பாரதமும் வில்லிபுத்தூரார் நிறுத்திய இடத்தை ஒட்டியே நிற்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரசங்கியாரின் கையில் இருந்த நூல் திருவிழாவின் முடிவையும் தீர்மானித்திருக்க வேண்டும்.

நூல் இருந்தால் மட்டும் போர்க்களம் வந்துவிடாது. கேட்கிறவர்களுக்குப் போர் தெரிந்திருக்க வேண்டும். இந்த மண்ணுக்குத் தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள். மாட்டு மந்தையைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன், கவர்ந்த மந்தையை மீட்டுச் செத்தவன் என்று பல்லவர் காலத்திலிருந்தே கல்லில் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள். பலவற்றைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். இடுப்பில் குறுவாள், கையில் வில், உடம்பில் தைத்த அம்பு. பாரதத்தில் விராட பருவம் வரும்போது மாடுபிடிச் சண்டை என்றே ஒரு பகுதி நடத்துகிறார்கள். விராடனின் பசுக்களைக் கௌரவர்கள் ஓட்டிக்கொண்டு போக, அர்ச்சுனன் மீட்கிறான். கொல்லையில் அப்படிச் செத்த பாட்டன் ஒருவனின் கல்லை நட்டு வைத்திருக்கும் ஊருக்கு இந்தக் கதை வடநாட்டுக் கதையாக இருந்திருக்க முடியாது.

அதற்குப் பிறகும் போர் இங்கே ஓயவில்லை. மலைக்கு மலை கோட்டை கட்டிய பாராமகால் இது. ஐதர் காலத்தில் 1767இல் கிருஷ்ணகிரிக் கோட்டையைக் கம்பெனிப் படை சூழ்ந்தது. 1791இல் ஓசூரும் ராயக்கோட்டையும் கம்பெனி வசம் போயின. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் முழுக்கத் திப்புவின் கையை விட்டுப் போனது; அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வந்து வரி வகுத்தார்கள். இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒரு தடவை படை கடந்து போன நிலத்தில் மண்ணில் விழுந்து கிடக்கும் அரசன் என்பவன் கற்பனைப் பொருள் இல்லை.

திரௌபதி எப்படி அம்மன் ஆனாள் என்பதற்குச் செஞ்சிப் பக்கம் ஒரு கதை உண்டு. நூறு தலை அசுரன் ஒருவன் அங்கே அரசனை வாட்ட, பாரதப் போரெல்லாம் முடிந்த பின் அவள் மறுபடி தோன்றி அவன் தலைகளை அறுத்தாள். கடைசித் தலை மட்டும் தரையில் விழக் கூடாது. அதைக் கையில் ஏந்தியபடியேதான் அவளுடைய காவலன் போத்துராஜா இன்றைக்கும் அவள் சன்னதிக்கு எதிரே நிற்கிறார். ஓசூரைத் தாண்டி பெங்களூருக்குப் போனால் அதே தேவி திமிராசுரனோடு போரிடுகிறாள். அவனை வெல்ல வீரகுமாரர்களைப் படைக்கிறாள். சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் திகளர்பேட்டை தர்மராய சுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படும்போது, உருவிய வாளோடு சுற்றி வருகிறவர்கள் அந்த வீரகுமாரர்கள். டிராகன் வேண்டுமென்றால் நமக்கும் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் எல்லையின் இந்தப் பக்கம் ஊர் கூடி மண்ணில் செய்து கிடத்தியது அசுரனை அல்ல. ஒரு மனிதனை, பெரியப்பா மகனை.

காரணம் சபதம். துச்சாதனன் சபையில் கூந்தலைப் பிடித்து இழுத்த நாளிலிருந்து திரௌபதி அதை முடியவில்லை. துரியோதனன் ரத்தத்தைத் தொட்டுத்தான் முடிப்பேன் என்கிறாள். கூத்தில் சூது துகில் இரவன்று அவிழ்ந்த கூந்தல் அதற்குப் பின் வரும் ஒவ்வோர் இரவும் அவிழ்ந்தே வருகிறது. காட்டுக்குப் போகும்போதும், விராடன் வீட்டில் வேலைக்காரியாக நிற்கும்போதும், கண்ணனிடம் தூது போகாதே என்று சண்டை பிடிக்கும்போதும் பார்க்கிறவர் கண்ணில் அந்தக் கூந்தல்தான் படுகிறது. அத்தனை இரவுகள் அப்படிப் பார்த்த பிறகு, அதை மேடையில் பாட்டாக முடித்துவிட முடியாது. முடிக்க ஒரு தொடை வேண்டும், அதில் ரத்தம் வேண்டும். கண்ணுக்கு முன்னால், பகல் வெளிச்சத்தில், எல்லோரும் நின்று பார்க்கும் அளவுக்குப் பெரியதாக வேண்டும். மண் துரியோதனன் பிறந்தது அந்தத் தேவையில்தான் என்று நான் நம்புகிறேன்.

படுகளத்தன்று காலையில் போய் நின்றால் இது புரியும். இரவெல்லாம் ஆடிய துரியோதனன் வேஷக்காரர் வேஷத்தைக் கலைக்காமல் அப்படியே வெளிக்கு வருகிறார். அரிதாரம் வியர்வையில் வழிந்து கழுத்தில் இறங்கியிருக்கும். கிரீடத்தில் கண்ணாடிச் சில்லு வெயிலில் மின்னும். புஜக்கட்டை தோளை அழுத்த, மிருதங்கமும் முகவீணையும் பின்னால் ஓடிவர, அவர் மண் உருவத்தைச் சுற்றி ஓடுகிறார், பீமன் துரத்துகிறான். மரித்தவர்களை எழுப்பும் மந்திரத்தை ஓத நீருக்குள் ஒளிந்தவனை ஏசி வெளியே இழுத்த கதை விடியும் முன்பே ஆடி முடிந்துவிட்டது. இனி இரண்டு கதாயுதம்தான். ஒரு கட்டத்தில் துரியோதனன் மண் உருவத்தின் மேலேயே ஏறிவிடுகிறார். தான் செத்துக் கிடக்கும் நெஞ்சின் மேல் தானே நின்று மீசையை முறுக்கிச் சவால் விடுகிறார். முடிவும் சண்டையும் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. எத்தனையோ போர்க் காட்சிகளைப் பெரிய திரையில் பார்த்திருக்கிறேன். இதற்கு ஈடான ஏற்பாட்டை எங்கும் பார்த்ததில்லை.

கண்ணன் தன் தொடையைத் தட்டிக் காட்டுகிறார். பீமன் ஓங்கி அடிக்கிறான். கலயம் உடைந்து சிவப்பு பீறிட, கூட்டம் ஒரே குரலாகக் கத்துகிறது. வேஷக்காரர் சாய்கிறார். திரௌபதி வந்து உட்கார்ந்து, அந்தச் சிவப்பைத் தொட்டு, கூந்தலை முடிந்து பூ வைத்துக்கொள்கிறாள். சபதம் தீர்ந்ததும் ஒப்பாரி எழுகிறது. காந்தாரி மகனைப் பார்த்து அழ, சுற்றி நிற்கும் பெண்களும் சேர்ந்து அழுகிறார்கள். பதினெட்டு நாளாக அவனைத் திட்டித் தீர்த்தவர்கள்தான் அவர்கள்.

எழுத்தில் கிடப்பதற்கு உடல் கொடுக்கும் இதே சிக்கலை டிராகன் எபிசோடுகளை எடுத்தவர்களும் வேறு வழியில் சந்தித்திருக்கிறார்கள். 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' தொடரில் நடிகை உட்கார்ந்திருப்பது சேணம் பூட்டிய ஒரு இயந்திரத்தின் மேல்; அது குலுக்கித் தள்ளும், விசிறிகள் காற்றை அடிக்கும், டிராகன் பல மாதம் கழித்துக் கணினியில் வந்து சேரும். அதற்கு முந்தைய 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில், 2017 ஆகஸ்டில் வந்த ஏழாம் சீசனின் நான்காம் எபிசோடில் டிராகன் வண்டி வரிசையை எரிக்கும் காட்சிக்கு, ஒரே ஷாட்டில் 20 சண்டைக் கலைஞர்கள் மேல் உண்மையாகவே தீ வைத்தார்கள். டிராகன் கணினியில் வரைந்தது, எரிந்தவர்கள் மனிதர்கள். அந்தக் காட்சி இன்னும் மனதில் நிற்பதற்கு அதுவே காரணம். படுகளத்தன்று மாலையில் காப்புக் கட்டியவர்கள் பூக்குழி இறங்குகிறார்கள். காலையில் கதைக்காக ரத்தம், மாலையில் வேண்டுதலுக்காக நெருப்பு. பார்க்க வந்தவர்களில் ஒரு பகுதியினர் கதைக்குள்ளேயே போய்விடுகிறார்கள்.

1970களின் கடைசியிலிருந்து டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று ஆலைகள் வந்து ஓசூர் வேறு ஊரானது. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. இப்போது போச்சம்பள்ளி சிப்காட்டில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். படுகளத்துக்கு மண்ணை மிதிக்கும் இளைஞர்களில் பலருக்கு மறுநாள் காலை ஷிப்ட். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் போனால் கதை மொழி தாண்டியும் நடக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் பழைய மைசூர்க் கிராமங்களில் ஊர்க்காரர்களே ஆர்மோனியத்தோடு குருக்ஷேத்திர நாடகம் போடுகிறார்கள். அங்கேயும் துரியோதனன் வேஷத்துக்குத்தான் மவுசு.

என் கவலை நிலத்தைப் பற்றியது. ஐம்பது அடி உடலைக் கிடத்தி, அதைச் சுற்றி இரண்டு பேர் ஓடி, அவர்களைச் சுற்றி ஊரே நிற்க வேண்டுமென்றால் நல்ல அகலமான வெளி வேண்டும். மனை விலை ஏறும் பகுதியில் கோயில் எதிர்வெளி வெறும் இடமாகத்தான் கண்ணுக்குப் படும். ஆண்டுக்கு ஒரு காலை மட்டும் அது குருக்ஷேத்திரம் என்பது பத்திரத்தில் எழுதப்படுவதில்லை. அந்த இடத்தைப் போர்க்களம் என்றே பெயர் போட்டு ஊராட்சிப் பதிவில் ஏற்றிவைக்க வேண்டும் என்பது என் ஆசை.

சண்டை முடிந்த கையோடு ஆட்கள் மண் உருவத்தை நெருங்குகிறார்கள். ஆளுக்கு ஒரு பிடி மண். வீட்டில் வைத்தால் நல்லது, குதிருக்குள் போட்டால் தானியம் குறையாது, வயலில் தூவினால் விளையும் என்று நம்பிக்கை. கிரீடம் போகிறது, மீசை போகிறது, நெஞ்சில் குழி விழுகிறது. தர்மர் பட்டாபிஷேகம் முடிந்து கொடி இறங்கியதும் விழாக்குழுவினர் கோயில் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார்கள்: தலைக்கட்டு வரி வந்தது இவ்வளவு, டிராக்டர் வாடகை இவ்வளவு, பிரசங்கியாருக்கு இவ்வளவு, கூத்து ஜமாவுக்கு இவ்வளவு. மிச்சம் இருந்தால், கூத்து வாத்தியார் ஊர் திரும்பும் முன்பே வெற்றிலை பாக்கில் பணம் வைத்து அடுத்த பாரதத்துக்கு அச்சாரம் கொடுத்துவிடுகிறார்கள்.