வீட்டுக்காரர் என்ன பண்றார்?

சென்னையில் தனியாக வீடு தேடும் பெண்ணிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இது. நம் மொழியில் கணவரும் வீட்டுக்காரர், வீட்டு உரிமையாளரும் வீட்டுக்காரர். என்ன வசதி!

1910களில் சகோதரி சுப்புலட்சுமி, இளம் விதவைகள் தங்கிப் படிக்க இல்லம் நடத்தினார். எதிரே வந்தாலே அபசகுனம் எனப்பட்ட பெண்களுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? கடைசியில் அமைந்தது திருவல்லிக்கேணிக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ். 1842இல் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கிடங்கு. குடியிருக்கக் கட்டியதே அல்ல. அங்கிருந்துதான் அவர்கள் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள்.

2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. கேள்விகளுக்கு வரம்பு வைக்கவில்லை.

போன மாதம் பெசன்ட் நகரில் ஓர் அம்மாள், "ராத்திரியில யாராவது வருவாங்களா?" என்றார்.

"எங்கம்மா வருவாங்க" என்றேன்.

வீடு கிடைக்கவில்லை.