விக்கிரமசிங்கபுரம்

விக்கிரமசிங்கபுரம், திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரம் வட்டத்தில், தாமிரபரணி மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் பாபநாசத்தை ஒட்டியுள்ள நகராட்சி. சைவ சித்தாந்தப் பேரறிஞர் மாதவச் சிவஞான முனிவர் பிறந்த ஊர் என்பதே இதன் தலையாய பெருமை.

18ஆம் நூற்றாண்டில் ஆனந்தக்கூத்தருக்கும் மயிலம்மைக்கும் மகனாகப் பிறந்த அவரது பிள்ளைப் பெயர் முக்களாலிங்கர். ஊருக்கு வந்த திருவாவடுதுறை ஆதீனத் துறவிகளைச் சிறுவன் வீட்டுக்கு அழைத்து வந்தான் என்றும், தந்தை வெளியே போயிருந்தும் தாய் அவர்களுக்கு அமுது படைத்தாள் என்றும், அன்னையைப் போற்றி அவன் அப்போதே பாடினான் என்றும் வரலாறு கூறும். பின்னர் ஆதீனத்தில் வேலப்ப தேசிகரிடம் தீட்சை பெற்றுச் சிவஞான முனிவரானார்.

மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 நூற்பாக்கள் கொண்ட சிறு நூல். அதற்கு முனிவர் எழுதிய விரிவான உரைதான் சிவஞான மாபாடியம். ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, பிற மதங்களின் கொள்கைகளை வரிசையாக நிறுத்தி, தடைவிடைகளால் சித்தாந்தத்தை நிலைநாட்டும் உரை அது. தமிழ் உரைநடையில் தத்துவ வாதம் எவ்வளவு இறுக்கமாகவும் நுட்பமாகவும் நடக்க முடியும் என்பதற்கு அதைவிட உயர்ந்த சான்று இல்லை. வடமொழித் தருக்கசங்கிரகத்தைத் தமிழாக்கியவரும் அவரே. அந்தத் தருக்கப் பயிற்சியை உரையின் பக்கந்தோறும் காணலாம். சிவஞானசித்தியாருக்கு ஞானப்பிரகாசர் எழுதிய உரையையும், வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தையும் அவர் தயங்காமல் மறுத்தார். தொல்காப்பியச் சூத்திர விருத்தி, காஞ்சிப்புராணத்தின் முதற்காண்டம் ஆகியவையும் அவர் படைப்புகளே. இரண்டாம் காண்டத்தைப் பாடியவர் மாணவர் கச்சியப்ப முனிவர்.

கி.மு. 384இல் ஸ்டாகிராவில் பிறந்த அரிஸ்டாட்டிலை மேலைநாட்டார் அவ்வூர்ப் பெயராலேயே 'ஸ்டாகிரைட்' என்று சுட்டுவர். ஆனால் சிவஞான முனிவரோடு நம் நினைவில் ஒட்டியிருப்பது பிறந்த ஊரன்று, திருவாவடுதுறைதான். பிறந்த ஊருக்கும் அந்த நினைவில் பங்கு தரவேண்டும். பாபநாசம் உலகம்மையைப் பாடிய நமசிவாயக் கவிராயரும் இவ்வூரார் என்பதால், இங்கே தமிழ்க்கல்வி தனியொருவரோடு நின்றதில்லை. கல்வியால் பெயர்பெற்ற இவ்வூருக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆற்றுநீரின் விசையை நம்பி ஹார்வி நூற்பாலை வந்தது. ஊர் தொழில்நகராக வளர்ந்தது.

முனிவர் 1785இல் மறைந்தார். மாபாடியம் முழுதாக அச்சேறியது 20ஆம் நூற்றாண்டில்தான். புதிதாகப் படிப்பவர்கள், சிவஞானபோதத்துக்கு அவரே சுருக்கமாக எழுதிய சிற்றுரையிலிருந்து தொடங்குவது நல்லது.